இனாமாக வந்த எழுதுகோல்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது பழமொழி. விமர்சகனுக்கு இதைவிட விரோதமான பழமொழி வேறு கிடையாது. இனாமாக வந்ததைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்றால், அன்பளிப்புப் பிரதிகளுக்கு மதிப்புரை எழுதுகிறவர்கள் எல்லாரும் என்றைக்கோ பேனாவை மூடி வைத்திருக்க வேண்டும். நான் இங்கே பல்லைப் பிடித்துப் பார்க்கப் போகிற மாடு புத்தகம் அல்ல. கம்ப்யூட்டரில் எழுதுவதற்கான ஒரு கருவி. அதன் பெயர் விம்.

கம்ப்யூட்டர்க்காரர்கள் இந்த மாதிரிக் கருவியை 'டெக்ஸ்ட் எடிட்டர்' என்பார்கள். எடிட்டர் என்றதும் கதை எழுதுகிறவர்களுக்கு வேறொரு ஆசாமியின் முகம் ஞாபகத்துக்கு வரும். இது அவரல்ல. எழுத்துக்களைத் திரையில் அடிக்கவும், அடித்ததைத் திருத்தவும், பத்திரப்படுத்தி வைக்கவும் உதவுகிற ஒரு புரோகிராம், அவ்வளவுதான். தலைப்பை நடுவில் போடுவது, எழுத்தைத் தடிமனாக்குவது முதலிய அலங்காரங்களெல்லாம் இதன் வேலையே அல்ல. வெறும் எழுத்து. அப்படிப்பட்ட ஒன்றைப் பற்றி எழுத ஒரு நாவலாசிரியன் ஏன் துணிகிறான் என்றால், எழுதுகிற காரியத்தைப் பற்றி இந்தக் கருவிக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. பேனாவுக்கு அபிப்பிராயம் கிடையாது. டைப்ரைட்டருக்கும் கிடையாது. இதற்கு உண்டு. அந்த அபிப்பிராயம் பெரும்பாலும் சரியானது என்பது என் எண்ணம். சில இடங்களில் சரியல்ல. அதுவும் தமிழில் எழுதுகிறவனுக்கு.

இது பிறந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1985 ஜூலையில் நியூயார்க்கில் கமடோர் கம்பெனி அமிகா என்ற வீட்டுக் கம்ப்யூட்டரை அறிமுகம் செய்தது. அந்த விழாவில் ஓவியர் ஆண்டி வார்ஹால் மேடையேறி, பாடகி டெபி ஹாரியின் முகத்துக்கு அந்த யந்திரத்திலேயே வர்ணம் பூசிக் காட்டினார். வர்ணம், சங்கீதம், திரைக்குள் பல ஜன்னல்கள், சுட்டிக் காட்ட மௌஸ், ஒரே சமயத்தில் பல வேலைகள் என்று அந்தக் காலத்து வீட்டு யந்திரங்களில் சொகுசுக்காரி அது. படத்துக்கும் விளையாட்டுக்கும் என்றே பிறந்தது என்று சொன்னால்கூடத் தப்பில்லை.

ஹாலந்தில் பிராம் மோலனார் என்ற இளைஞரிடம் ஓர் அமிகா இருந்தது. அவர் 1961ல் பிறந்தவர். டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரிகல் எஞ்சினீயரிங் படித்தவர். (மோலனார் என்றால் டச்சு மொழியில் மாவு ஆலைக்காரர் என்று பொருள். நம் காதுக்கு என்னவோ சங்கப் புலவர் ஒருவரின் பெயரைப் போல ஒலிக்கிறது.) யூனிக்ஸ் யந்திரங்களில் வீஐ என்ற எடிட்டரில் கை பழகியவர் அவர். அமிகாவிலும் அது வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆனால் வீஐயின் மூலம் ஏ.டி. அண்டு டி. கம்பெனியின் உரிமைக்குக் கட்டுப்பட்டிருந்தது. இஷ்டத்துக்குப் பிரதி எடுத்துக் கொடுக்க முடியாது. ஆகவே அதைப் பார்த்து, அது நடந்துகொள்வது போலவே நடக்கிற வேறொன்றைச் சொந்தமாக எழுதிக்கொள்ளும் வழக்கம் கிளம்பிற்று. 1987ல் டிம் தாம்ஸன் என்பவர் அமிகாவின் போட்டி யந்திரமான அட்டாரி எஸ்.டி.க்காக 'ஸ்டீவி' என்று ஒன்றை எழுதி இலவசமாக விட்டார். மறு வருஷம் டோனி ஆண்ட்ரூஸ் என்பவர் அதைச் சீர்படுத்தி, அமிகா உள்பட வேறு சில யந்திரங்களுக்கும் கொண்டுபோனார். மோலனாருக்குக் கிடைத்தது அதுதான். அது அவருக்குப் போதவில்லை. 1988ல் அதை வைத்துத் திருத்த ஆரம்பித்தார். 1991 நவம்பரில் 1.14 என்ற எண்ணோடு வெளியே விட்டார்.

விம் என்ற பெயர் அப்போது 'வீஐயின் நகல்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். 1992ல் அது யூனிக்ஸுக்கே போய்ச் சேர்ந்தது. பிற்பாடு அதே மூன்று எழுத்துக்கு 'மேம்பட்ட வீஐ' என்று புது விளக்கம் சொன்னார்கள். பெயரில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை, நகல் மேம்பாடாகிவிட்டது. தழுவல் நாவல் எழுதி அதையே சொந்த நாவலாக்கிக்கொள்ளும் நம்மவர் சிலரிடம் இந்தச் சாமர்த்தியம் உண்டு. ஆனால் இங்கே மேம்பாடு வாஸ்தவமானது.

'வெளியே விட்டார்' என்றால் எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஃப்ரெட் ஃபிஷ் என்பவர், அமிகாவுக்கென்று எழுதப்பட்டு இலவசமாகப் பகிரக்கூடிய புரோகிராம்களையெல்லாம் திரட்டி, 880 கிலோபைட் கொள்ளும் ஃப்ளாப்பிகளில் பதிந்து, வரிசை எண் போட்டு வெளியிட்டுக் கொண்டிருந்தார். 1994ல் நிறுத்துவதற்குள் அவை 1100 ஆகிவிட்டன. விம் 591ஆவதில் இருக்கிறது. அதை வைத்திருக்கிற சிநேகிதர் ஒருவர் இருந்தால் ஒரு காலி ஃப்ளாப்பியே போதும். பிரதி எடுத்துக்கொண்டு போகலாம். பிரசுரகர்த்தர் இல்லை, ராயல்டி இல்லை, முன்னுரை எழுதிய பிரமுகர் இல்லை. ஏட்டுச் சுவடிகள் பரவியது இப்படித்தான். ஒரு வித்தியாசம் மட்டும்: ஏடு எழுதுகிறவனுக்குக் கை சோரும், பாடபேதம் பிறக்கும், ஃப்ளாப்பிக்குக் கை சோராது.

விம்மின் சுபாவம் புரிய வேண்டுமானால் அதன் தாய்வீட்டு வறுமையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீஐயை எழுதிய பில் ஜாய், 1976 வாக்கில் அந்த வேலையைத் தொடங்கியபோது, கலிபோர்னியாவில் பெர்க்லி சர்வகலாசாலை மாணவர். டெலிபோன் கம்பி வழியாக, 300 பாட் வேகத்தில், தூரத்துக் கம்ப்யூட்டரோடு பேசினார். விநாடிக்குச் சுமார் 30 எழுத்து வந்து சேரும். திரையில் வரிக்கு 80 எழுத்து, 24 வரி; ஆக 1920 எழுத்து. கணக்குப் போட்டுப் பாருங்கள், திரை ஒரு தடவை நிரம்ப ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. வெற்றிலை போட்டுக்கொள்ள நேரம் இருக்கும். அப்படிப்பட்ட நிலையில் ஒவ்வொரு கட்டளையையும் ஒற்றை எழுத்தில் அடக்கியது இயற்கைதான். வார்த்தைக்கு இவ்வளவு காசு என்று எண்ணி எண்ணித் தந்தி எழுதினோமே, அந்த நடை. நம் நாட்டில் தந்தி 2013ல் நின்றுபோயிற்று. அந்த நடை விம்மில் இன்னும் நிற்கவில்லை.

இன்னொரு தழும்பும் உண்டு. ஜாய் உபயோகித்த ஏ.டி.எம். 3ஏ என்ற திரையின் விசைப்பலகையில் அம்புக்குறிகளுக்குத் தனி விசை கிடையாது. ஹெச், ஜே, கே, எல் என்ற நான்கு விசைகளின்மேலேயே இடது, கீழ், மேல், வலது என்று அம்புகள் அச்சாகியிருந்தன. அந்தத் திரைகள் காயலான் கடைக்குப் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அமிகாவில் அம்பு விசைகள் தனியே இருந்தன. கைக்கு மௌஸும் இருந்தது. இருந்தும் விம்மில் ஜே என்றால் கீழேதான். பங்களாவில் குடிவந்த பிறகும் கிணற்றடியில்தான் குளிப்பேன் என்கிற மாமனாரைப் போல. பழமை மோகம் என்று இதைத் தள்ளிவிடலாம். நான் தள்ளவில்லை. மனப்பாடம் செய்தாக வேண்டிய காலத்தில் பிறந்த சூத்திர நடையை, அச்சு வந்த பிறகும் நாம் தூக்கி எறியவில்லையே.

இனி, அந்த அபிப்பிராயத்துக்கு வருகிறேன். விம்மைத் திறந்தவுடன் கதையை அடிக்க ஆரம்பித்தால் கதை விழாது. ஒவ்வொரு விசையும் ஒரு கட்டளையாகிக் கர்ஸர் தாறுமாறாக ஓடும். எழுத வேண்டுமானால் 'ஐ' விசையைத் தட்டி உத்தரவு பெற்று உள்ளே போக வேண்டும். எழுதி முடிந்ததும் எஸ்கேப் விசையைத் தட்டி வெளியே வர வேண்டும். வெளியே என்றால், படிக்கிற, தேடுகிற, வெட்டுகிற, நகர்த்துகிற நிலைக்கு. அந்த நிலைக்கு இவர்கள் வைத்திருக்கிற பெயர்தான் என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது. 'நார்மல்' என்கிறார்கள், சாதாரண நிலை. அப்படியானால் எழுதுவது அசாதாரண நிலை!

புதிதாக வருகிறவர்களுக்கு இது பெரிய அவமரியாதையாகப் படுகிறது. விம்முக்குள் போனவர் வெளியேறத் தெரியாமல் தவிப்பதைப் பற்றிக் கம்ப்யூட்டர்க்காரர்களிடையே வேடிக்கைக் கதைகள் ஏராளம். வாசலில் வரவேற்பு இல்லாத வீடுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அபிப்பிராயம் உண்மையா, பொய்யா? நாவல் எழுதுகிறவன் மேஜைமுன் செலவிடுகிற நேரத்தில் புது வாக்கியம் உண்டாகிற நேரம் எவ்வளவு? நேற்று எழுதியதைப் படிக்கிறான். ஒரு சொல்லை அடித்துவிட்டு அதையே திரும்பப் போடுகிறான். மூன்றாவது பத்தியை முதலாவதுக்கு மேல் வைத்துப் பார்க்கிறான். மோலனாரே 2000ஆம் வருஷம், நல்ல முறையில் உரையைத் திருத்தும் ஏழு பழக்கங்கள் என்று ஒரு கட்டுரை எழுதினார். படிப்பதிலும் பிழை பார்ப்பதிலும் சரியான இடத்தைத் தேடுவதிலும்தான் நம் நேரம் பெரும்பாலும் போகிறது, புதிதாக எழுதுவதில் அல்ல என்பது அதில் அவர் வாதத்துக்கு அஸ்திவாரம். அவர் மனசில் இருந்தவர்கள் பெரும்பாலும் புரோகிராம் எழுதுகிறவர்கள். இருந்தாலும் எந்தக் கதாசிரியனும் கையெழுத்துப் போடக்கூடிய வாக்குமூலம் அது. மற்றக் கருவிகளெல்லாம் எழுதுவதே தொழில், திருத்துவது தொல்லை என்று பாவிக்கின்றன. விம் தலைகீழாக நினைக்கிறது. நம் தொடர்கதை ஆசிரியர்களில் பலர் ஐ விசையைத் தட்டிவிட்டு, எஸ்கேப் தட்டாமலே ஆயுளை முடித்தவர்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கட்டளைகளுக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. இதன் அழகு அதில்தான். 'டி' என்பது வினை: அழி. 'சி' என்றால் மாற்று. 'ஒய்' என்றால் நகல் எடுத்து வை. 'டபிள்யூ' என்பது சொல். டி, டபிள்யூ என்று அடுத்தடுத்துத் தட்டினால் 'சொல்லை அழி'. வாக்கியம், பத்தி, மேற்கோள் குறிகளுக்குள் இருக்கிற பேச்சு, அடைப்புக்குள் இருக்கிற சங்கதி எல்லாவற்றுக்கும் இப்படிப் பெயர் உண்டு. ஒவ்வொரு வினையும் ஒவ்வொரு பெயரோடும் சேரும், எண்ணும் சேரும். ஆகவே பட்டியலை நெட்டுருப் போட வேண்டியதில்லை. கொஞ்சம் வினை, கொஞ்சம் பெயர், பிறகு வாக்கியம் தானே அமையும். வினை முன்னால், செயப்படுபொருள் பின்னால் என்பது மட்டும் தமிழனுக்கு உறுத்தும். 'அழி, சொல்லை' என்று கோபத்தில் இருப்பவன் பேசுவதுபோல் இருக்கிறது. பழகப் பழகச் சரியாகிவிடும். வெட்டுகிற வேளையில் கொஞ்சம் கோபம் நல்லதே.

புள்ளி விசை ஒன்று உண்டு. கடைசியாகச் செய்த மாற்றத்தை இன்னொரு தடவை செய் என்பது அதற்குப் பொருள். 'மிகவும்' என்ற சொல் என் கையெழுத்துப் பிரதிகளில் பெருச்சாளி மாதிரிப் பெருகும். அதைத் தேடச் சொல்லி, முதலாவதை அழித்துவிட்டு, 'என்' விசையைத் தட்டினால் அடுத்த 'மிகவும்' வந்து நிற்கும். வேண்டாம் என்று தோன்றினால் புள்ளி. இருக்கட்டும் என்று தோன்றினால் மறுபடி 'என்'. நாவல் முழுவதிலும் ஒரேயடியாக அழிக்கவும் கட்டளை உண்டு. நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். ஒவ்வொரு 'மிகவு'மும் தனித்தனியே விசாரிக்கப்பட வேண்டும்.

பழைய வீஐயில் செய்த தவறிலிருந்து ஒரே ஒரு படிதான் பின்னால் போகலாம். 2006ல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து விம்மின் ஞாபகம் மரம்போல் கிளை விடுகிறது. பத்து நிமிஷத்துக்கு முன்பு இந்த அத்தியாயம் எப்படி இருந்தது என்று கேட்டால் காட்டுகிறது. அங்கிருந்து வேறு வழியில் எழுதிக்கொண்டு போனாலும், விட்டு வந்த வழி அழிவதில்லை. கதாநாயகி கிணற்றில் விழுந்த அத்தியாயம், விழாத அத்தியாயம் இரண்டும் உயிரோடு இருக்கும். எந்தக் கிளையில் இருக்கிறோம் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் கொஞ்சம் சிரமப்பட வேண்டும்.

இப்போது பல்லைப் பார்க்கலாம்.

வாக்கியம் என்றால் என்ன என்று விம்முக்குத் தெரியும் என்றேன். முற்றுப்புள்ளி, கேள்விக்குறி, ஆச்சரியக்குறி இவற்றில் ஒன்று வந்து, பின்னால் ஓர் இடைவெளி வந்தால் வாக்கியம் முடிந்தது என்பது அதன் சித்தாந்தம். 'உ. வே. சாமிநாதையர் கும்பகோணத்தில் இருந்தார்' என்று எழுதுங்கள். விம்மின் கணக்கில் அது மூன்று வாக்கியம். 'உ' ஒன்று, 'வே' ஒன்று, மிச்சம் ஒன்று. கர்ஸரை அந்த 'உ'வின்மேல் வைத்து 'வாக்கியத்தை அழி' என்றால் ஐயரவர்கள் ஊரை மட்டும் இழந்துவிட்டு மிஞ்சி நிற்பார். ஆங்கிலக்காரர்களுக்கும் இனிஷியல் உண்டு, அவர்களுக்கும் இதே கதிதான். ஆனால் பெயருக்கு முன்னால் இரண்டு மூன்று புள்ளி இல்லாமல் வாயைத் திறக்க முடியாத தேசம் நம்முடையது.

சொல்லிலும் இடறல். ஆங்கிலத்தில் 'வீட்டிலிருந்து' என்பது மூன்று சொல். 'வீட்டுக்கு' என்று மாற்ற நினைத்தால் முதல் சொல் ஒன்றை மாற்றினால் போதும். தமிழில் மாற்ற வேண்டிய உருபு சொல்லின் வயிற்றுக்குள் இருக்கிறது. 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' என்று ஒரே மூச்சில் எழுதுகிற மொழிக்குச் 'சொல்லை மாற்று' என்ற கட்டளை கோடரியாக இருக்கிறது. நமக்கு வேண்டியது பேனாக்கத்தி. சில எழுத்துக்களை மட்டும் எண்ணி மாற்றலாம், இன்ன எழுத்து வரை என்று சொல்லலாம், முடியாதென்றில்லை. ஆனால் இலக்கணத்தின் அழகு அங்கே உடைந்துவிடுகிறது.

பத்தி விஷயத்தில் குறை தமிழுக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஒரு பத்தியை வரி முறிக்காமல் நீளமாக அடித்தால் திரையில் அது பத்து வரியாக மடிந்து தெரியும். ஜே தட்டினால் விம் அடுத்த வரிக்கு வராது. பத்தியையே தாண்டிக் குதிக்கும். புரோகிராமுக்கு வரி முக்கியம், கதைக்கு வரி ஒரு தற்செயல். மடிப்புக்கு மடிப்பு இறங்க ஜேக்கு முன்னால் 'ஜி' தட்ட வேண்டும். வசன இலக்கியத்துக்கு அந்த வீட்டில் கிடைக்கிற இடம் திண்ணைதான்.

எல்லாவற்றிலும் பெரிய தொல்லை விசைப்பலகை. 1999ல் தமிழக அரசு அங்கீகரித்த தமிழ்99 முறையில் ஹெச், ஜே, கே, எல் இருக்கிற இடத்தில் இருப்பவை க, ப, ம, த. எழுதி முடித்து, எஸ்கேப் தட்டி, கீழே இறங்க ஜேயைத் தட்டினால் விம்முக்குப் போய்ச் சேருவது 'ப'. 'ப' என்றொரு கட்டளை அதன் நிகண்டில் இல்லை. அசையாமல் நிற்கும். ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் தமிழ், வெளியே வரும்போது ஆங்கிலம் என்று மாற்றிக்கொண்டே இருந்தால் எழுதுகிற மனம் எங்கே இருக்கும்? இதற்கு மருந்தும் விம்மிலேயே உண்டு: எழுதும் நிலையில் மட்டும் வேற்று மொழி, கட்டளைக்குத் தானாகவே ஆங்கிலம் என்று பிரித்துக்கொடுக்கிற விசை அட்டவணைகள். அதனோடு வருகிற அட்டவணைகளில் தமிழுக்கும் ஒன்று யாரோ சிரத்தையாகச் செய்து சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அது டிஸ்கி என்ற பழைய குறியீட்டுக்காகச் செய்தது. இன்று யூனிகோடில் எழுதுகிறவன் தனக்கு வேண்டியதைத் தேடிக்கொள்ளவோ தயாரித்துக்கொள்ளவோ வேண்டும். மூலம் திறந்தே கிடக்கிறது, திருத்திக்கொள்ள யார் தடுத்தார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாவல் எழுதுகிறவனிடம் கேட்கத் தக்க கேள்விதானா என்பது வேறு விஷயம்.

ஆகவே என் தீர்ப்பு இது. முதல் பிரதியைத் தமிழில் எழுத நான் யாருக்கும் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். எழுதியதைத் திருத்த, முக்கியமாக வெட்ட, இதைப் போல ஒன்றை நான் கண்டதில்லை.

விலை இல்லை என்றேனே, அதில் ஒரு திருத்தம். விம்மைத் திறந்ததும் வெறுந்திரையின் நடுவில் சில வரிகள் தோன்றும். பெயர், பதிப்பு எண், ஆசிரியர்; அதற்குக் கீழே, உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று ஒரு வரி. மோலனார் கேட்கிற விலை அது. கட்டாயம் இல்லை, தனக்கும் இல்லை.

1994 ஏப்ரலில் கமடோர் கம்பெனி திவாலாயிற்று. அதே வருஷம் மோலனார் உகாண்டாவின் தெற்கே கிபாலே என்ற ஊரில் குடிநீர், சுகாதார வசதிகளைக் கவனிக்கும் பொறியாளராக ஒரு வருஷம் தொண்டு செய்யப் போயிருந்தார். எய்ட்ஸ் நோய் சூறையாடிய வட்டாரம் அது. திரும்பி வந்ததும் அங்கேயுள்ள குழந்தைகள் இல்லத்துக்காக ஹாலந்தில் ஒரு தர்ம ஸ்தாபனம் ஏற்படுத்தினார். கொடுத்த பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்க்கப் பலமுறை போய்வந்தார். விம்மோ, 1992லேயே வேறு யந்திரங்களில் கால் வைத்துவிட்டதால், பிறந்த வீடு ஏலத்துக்குப் போனது அதைப் பாதிக்கவில்லை. மோலனார் 2023 ஆகஸ்டு 3ஆம் தேதி காலமானார். மற்றவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். 2024 ஜனவரியில் வந்த 9.1 பதிப்பை அவருக்குச் சமர்ப்பணம் செய்தார்கள்.

இலவசமாக எடிட்டர் கொடுத்தவர் இவர் ஒருவர்தான் என்பதில்லை. ஈமாக்ஸ் என்ற இன்னொரு எடிட்டரைக் கொடுத்த ரிச்சர்ட் ஸ்டால்மன், 1985ல் ஒரு பிரகடனமே வெளியிட்டார். மென்பொருளை அடைத்து வைப்பது அதர்மம் என்று வாதாடுகிறார். எதிர்க்கட்சியின் ஆட்சேபங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு உடைக்கிறார். துண்டுப் பிரசுர இலக்கியத்தில் அதற்கு நல்ல இடம் உண்டு. மோலனாரின் பக்கத்தில் வாதமே இல்லை. 'ஹெல்ப் உகாண்டா' என்று கட்டளை கொடுத்தால் அந்தப் பக்கம் திறக்கிறது. கிபாலே எங்கே இருக்கிறது, ஜனங்கள் என்ன தொழில் செய்கிறார்கள், அந்த மாவட்டத்தின் ஜனத்தொகை 3,50,000, தாய் தந்தையரில் ஒருவரையோ இருவரையுமோ இழந்த குழந்தைகள் சுமார் 60,000, பள்ளிக்கூடம், வைத்திய உதவி, பணம் அனுப்பும் வழி. நானாக இருந்தால் அங்கே ஒரு சிறுவனைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பேன். கிழிந்த சட்டை, பெரிய கண்கள், பின்னால் ஒரு பாட்டி. படிக்கிறவர் பர்ஸை எடுத்திருப்பார். அவர் அதைச் செய்யவில்லை. குழாயும் கழிப்பிடமும் கவனித்தவரின் எழுத்து.

அதிலும் வெட்டுவதற்கு ஏதாவது அகப்படுமா என்று, தொழில் புத்தி, டி விசையின்மேல் விரலை வைத்துக்கொண்டே படித்தேன். இரண்டு இடத்தில் அகப்பட்டது. தட்டினேன். விம் விடவில்லை. உதவிப் பக்கங்களைப் படிக்கிறவர் திருத்த அதில் அனுமதி இல்லையாம்.